மூர் என்றொரு சொல்: ஆங்கிலம் நமக்கிட்ட பழம்பெயர்கள்

சில ஆண்டுகளுக்கு முன்னர், சோழமண்டலக் கடற்கரையூர் ஒன்றின் பள்ளிவாசல் நிருவாகத்தார் தம் விழா மலருக்கென எழுதப்பெற்ற ஊர் வரலாற்றுக் கட்டுரை ஒன்றை என்னிடம் தந்து பார்வையிடுமாறு பணித்தனர். கட்டுரையாளர் கடும் உழைப்பாளி. ஆவணக் காப்பகத்திற்கே சென்று, கும்பினியார் காலத்துப் பதிவுகளைத் தம் கையாலேயே படியெடுத்து வந்திருந்தார். அப்பதிவுகளில் அவ்வூர் வணிகர்கள் 'மூர்கள்' என்று குறிக்கப்பட்டிருந்தனர். ஆங்கில அகராதியைப் புரட்டினார்; மூர் என்றால் மொராக்கோ முதலிய வடமேற்கு ஆப்பிரிக்கப் பகுதியினர் என்று அது சொன்னது. எனவே தம் முன்னோர் மொராக்கோவிலிருந்து மரக்கலம் ஏறி வந்தவர்களே என்று முடிவு கட்டிவிட்டார். ஃபாஸ் நகரத்துப் பழைய பள்ளிவாசலின் படமொன்றும் கட்டுரையோடு இணைக்கப்பட்டிருந்தது.

அம்முடிவு பொருந்தாது என்று நான் எழுதினேன். அவர் மகிழவில்லை. "அப்படியானால் எங்கள் முன்னோர் யார் என்பதைத் தாங்களே கூறுங்கள்" என்று ஒரு வரியில் மறுமொழி வந்தது. நியாயமான கேள்விதான். ஆனால் 'மூர்' என்ற ஒரு சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு அதற்கு விடை கூறவியலாது. ஏன் இயலாது என்பதை விளக்கப் புகுந்ததே இக்கட்டுரை.

பழந்தமிழ் நூல்களில் 'நாற்றம்' என்ற சொல்லைக் காணும்போது நாம் மூக்கைப் பொத்திக்கொள்வதில்லை. அக்காலத்தில் அது நறுமணத்தையும் குறித்தது என்பதைப் பள்ளியிலேயே கற்றிருக்கிறோம். ஆங்கிலத்தைப் பொறுத்தவரை அந்த எச்சரிக்கை நமக்கு வாய்ப்பதில்லை. 1750இல் எழுதப்பட்ட தாளை 2000த்தில் அச்சான அகராதியோடு வைத்துப் படிக்கிறோம். பிற சொற்களில் இதனால் விளையும் கேடு சிறிது. ஒரு சமுதாயத்தின் பெயரிலோ அது பெரிது. நம்மைக் குறிக்க ஆங்கிலம் பல நூற்றாண்டுகளாகப் பல பெயர்களைக் கையாண்டுள்ளது. 'முஸ்லிம்' என்பது அவற்றுள் மிகவும் காலந்தாழ்த்தி வழக்கூன்றிய பெயர். மூருக்கு வருமுன் அதற்கு மூத்த பெயர்களைச் சற்றே காண்போம்.

மூத்தது 'சாரசன்'. இது இஸ்லாத்திற்கும் முந்தையது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த தாலமி, அரபகத்தின் வடமேற்கிலிருந்த ஒரு மக்களை இப்பெயரால் குறித்தார். பின்னர் பாலைவன அரபியர் அனைவர்க்கும் அது பொதுப்பெயராயிற்று. இச்சொல்லின் வேர் எதுவென்பதில் அறிஞரிடையே ஒற்றுமையில்லை. ஆனால் கிறித்தவப் பாதிரிமாருக்கு ஐயமே இருந்ததில்லை. இவர்கள் ஹாஜரா அம்மையாரின் வழிவந்தவர்கள். அதை மறைத்துச் சாரா அம்மையாரின் வழியினர் எனக் காட்டிக்கொள்ளவே இப்பெயரைச் சூட்டிக்கொண்டனர் என்று ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைந்த ஜெரோம் போன்றோர் விளக்கம் சொல்லிவைத்தனர். இப்ராஹீம் (அலை), இஸ்மாயீல் (அலை) ஆகியோரின் வழியைப் பெருமையோடு ஏற்றுப் போற்றும் மக்கள்மீது, அவ்வழியை மறைத்ததாக ஒரு பழி! அரபியர் எவரும் தம்மைச் சாரசன் என்று அழைத்துக்கொண்டதில்லை என்பதை அவர்கள் விசாரித்ததாகத் தெரியவில்லை.

இங்கிலாந்தின் வடகோடி மடமொன்றிலிருந்து 731இல் தம் திருச்சபை வரலாற்றை எழுதி முடித்த பீட் என்ற துறவியும் சாரசன்களைக் குறிப்பிடுகிறார். அவர் எழுதியது இலத்தீனில். ஆங்கிலத்தில் இச்சொல் பரவியபோது அதன் பொருள் இன்னும் தளர்ந்துவிட்டது. கிறித்தவர் அல்லாதார் எவராயினும் சாரசனே என்றாயிற்று. பதின்மூன்றாம் நூற்றாண்டுக் கதைப்பாட்டான 'கிங் ஹார்ன்' என்பதில் கடல்வழியே வந்து நாட்டைக் கொள்ளையிடுவோர் சாரசன்கள் எனப்படுகின்றனர். அவர்களுக்கு முன்மாதிரி வடகடல் வைக்கிங்குகளாகவே இருக்க வேண்டும் என்பது ஆய்வாளர் பலரது கருத்து. ஸ்டோன்ஹெஞ்ச் என்ற தொல்பழங்கால நினைவிடத்தின் பெருங்கற்களை இன்றும் ஆங்கிலேயர் 'சார்சன்' கற்கள் என்பர். பிறமதத்தாரின் கற்கள் என்ற பொருளில் சாரசனிலிருந்து பிறந்த பெயரே அது. அக்கற்கள் நாட்டப்பட்டபோது உலகில் அரபு நாடும் இல்லை, ஆங்கில நாடும் இல்லை. நல்லவேளையாக, 'சார்சனெட்' என்ற மெல்லிய பட்டுத்துணியும் அதே பெயரைத் தாங்கி வந்தது. வெறுப்பு ஒருபுறம் இருக்க, வணிகம் தன் வழியில் நடந்துகொண்டிருந்தது.

இனி வருவது சொல்லவே நாக்கூசும் செய்தி. ஆயினும் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி. கி.பி. 1200 அளவில் தொடங்கி ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் ஆங்கிலத்தில் சிலையையும் விக்கிரகத்தையும் குறிக்க வழங்கிய சொற்களுள் ஒன்று 'மாமெட்' என்பது. சிலை வணக்கத்திற்கு 'மாமெட்ரி' என்று பெயர். பழைய பிரெஞ்சு மொழியின் வழியாக வந்த இச்சொல், அண்ணல் நபி (ஸல்) அவர்களின் திருப்பெயரின் சிதைவேயாகும். 630ஆம் ஆண்டு மக்கா வெற்றியின்போது கஅபாவைச் சூழ்ந்திருந்த 360 சிலைகளை அகற்றிய பெருமானாரின் பெயரே சிலைக்குப் பெயராக்கப்பட்டது. சொற்களின் வரலாற்றில் இதனினும் தலைகீழான ஒரு பிறழ்ச்சியை நான் கண்டதில்லை.

இதன் ஊற்று பிரெஞ்சுப் போர்க்கதைப் பாட்டுகளில் உள்ளது. ஏறத்தாழ 1100இல் உருவான 'ரோலண்டின் பாட்டு' என்ற நூலில் முஸ்லிம்கள் மூன்று தெய்வங்களை வணங்குவோராகச் சித்திரிக்கப்படுகின்றனர். முதலாவது, திருநபியவர்களின் பெயரைச் சிதைத்து வைத்த ஒன்று, இரண்டாவது 'அப்பொலின்', மூன்றாவது 'தெர்வகன்'. தாம் முக்கடவுளை வணங்குவதாகப் பிறர் கூறக் கேட்ட கிறித்தவப் புலவர், அந்த மூன்றையே எதிரியின் கணக்கில் எழுதிவிட்டார் போலும். அந்தலூசின் எல்லைக்கு அப்பால் சில நாள் பயணத்தில் இருந்தவர்கள், ஒரு பள்ளிவாசலுக்குள் எட்டிப் பார்த்திருந்தால் அங்கு ஒரு சிலைகூட இல்லை என்பதை அறிந்திருப்பார்கள். எட்டிப் பார்த்தவர்களும் இருக்கத்தான் செய்தனர். ஆனால் பாட்டுக் கட்டியவர்கள் அவர்கள் அல்லர்.

இச்சொல் ஆங்கிலத்தில் எவ்வளவு ஆழமாக வேரூன்றியது என்பதற்கு ஒரு சான்று போதும். பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில் விக்கிளிஃப் குழுவினர் செய்த விவிலிய மொழிபெயர்ப்பில், விக்கிரகம் என்னும் பொருளுக்கு மாமெட் என்ற சொல் ஆளப்பட்டுள்ளது. நபி (ஸல்) அவர்கள் பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்னைய சிலைகள், அவர்களது பெயரின் சிதைவால் குறிக்கப்பட்டன! மொழிபெயர்த்தவர்கள் வேண்டுமென்றே அவ்வாறு செய்தனர் என்று நான் கருதவில்லை. அதற்குள் சொல் தன் பிறப்பிடத்தை விட்டு வெகுதொலைவு வந்துவிட்டது. அதைப் பேசிய உழவனுக்கும் ஓதிய பாதிரிக்கும் அது வெறும் 'சிலை' மட்டுமே.

அதே காலத்துக் கவிஞர் சாஸரிடம் இது தெளிவாகப் புலப்படுகிறது. அவருடைய 'கான்டர்பரிக் கதைகள்' தொகுப்பில் வழக்கறிஞர் சொல்லும் கதையில் சிரியா நாட்டு சுல்தானின் தாய் பேசுகிறாள். குர்ஆனின் சட்டங்கள் இறைவனின் தூதரால் தரப்பட்டவை என்று அவள் கூறுவதாகக் கவிஞர் எழுதுகிறார். ஒரு முஸ்லிம் பெண்மணி சொல்லக்கூடிய சரியான சொற்களே இவை. அதே கதையில், சற்றுத் தள்ளி, மாமெட்ரியை ஒழிப்பது பற்றிய பேச்சும் வருகிறது. உண்மையும் பொய்யும் ஒரே பாட்டில் அடுத்தடுத்து நிற்கின்றன, கவிஞருக்கு உறுத்தவில்லை. இன்னொரு கதையில் பேராசைக்காரனைப் பற்றிக் கூறும்போது, அவன் பெட்டியிலுள்ள ஒவ்வொரு பொற்காசும் அவனுக்கு ஒரு மாமெட்டே என்று பங்குப் பாதிரியார் போதிக்கிறார். கருத்தளவில் எந்த ஆலிமும் மறுக்க மாட்டார். சொல்தான் நெஞ்சைச் சுடுகிறது.

பின்னர் நடந்தது வேடிக்கையானது. பதினாறாம் நூற்றாண்டில் சமயச் சீர்திருத்தம் வந்தபோது, கத்தோலிக்கத் தேவாலயங்களிலிருந்த புனிதர்களின் உருவங்களைச் சீர்திருத்தவாதிகள் இதே சொல்லால் தூற்றினர். முஸ்லிம்களைத் தாக்க எடுத்த கல் கிறித்தவர்களுக்குள்ளேயே பறந்தது. சிலைகள் போயின, சொல்லும் சுருங்கியது. 'மாமெட்' என்பது குழந்தைகள் விளையாடும் பொம்மையாயிற்று. ஷேக்ஸ்பியரின் 'ரோமியோ ஜூலியட்', 'நான்காம் ஹென்றி' ஆகிய இரு நாடகங்களில் இப்பொருளில் அது வருகிறது. இங்கிலாந்தின் தென்மேற்கு வட்டார வழக்கில் 'மொமெட்' என்றால் வயலில் பறவை விரட்டும் சோளக்கொல்லைப் பொம்மை. புகழப்பட்டவர் என்ற பொருளுடைய பெயர் வேற்று மொழியில் வந்து சேர்ந்த இடம் அது.

மேற்சொன்ன மூன்றாம் தெய்வமான 'தெர்வகன்' ஆங்கிலத்தில் 'டெர்மகன்ட்' ஆகி, நாடக மேடையில் கூச்சலிட்டு ஆர்ப்பரிக்கும் பாத்திரமாகி, இறுதியில் வாயாடிப் பெண்ணுக்கு ஏச்சுப் பெயராக முடிந்தது. அப்படியொரு தெய்வத்தை உலகில் எந்த மக்களும் வணங்கியதில்லை.

உதுமானியப் பேரரசின் எழுச்சிக்குப் பின் பெயர் மாறியது. 1453இல் கான்ஸ்டான்டிநோபிள் வீழ்ந்தது. அதன் பின்னர் ஐரோப்பியர் கண்ணுக்கு முஸ்லிம் என்றால் துருக்கியரே. 1549ஆம் ஆண்டின் ஆங்கிலத் திருச்சபை வழிபாட்டு நூலில், புனித வெள்ளி வேண்டுதலில் யூதர், துருக்கியர், நம்பிக்கையற்றோர் எனச் சேர்த்து வரிசைப்படுத்தப்பட்டுள்ளது. அங்கே துருக்கியர் என்பது இனப்பெயர் அன்று. முஸ்லிம் என்பதே பொருள். 'துருக்கியனாதல்' என்றால் இஸ்லாத்தைத் தழுவுதல். ஜான் வார்டு என்ற ஆங்கிலக் கடற்கொள்ளையர் தூனிஸ் நகரில் குடியேறி இஸ்லாத்தில் இணைந்தார். அவரை வைத்து ராபர்ட் டாபோர்ன் எழுதிய நாடகம் 1612இல் அச்சேறியது. தலைப்பே 'துருக்கியனான ஒரு கிறித்தவன்' என்பது. வார்டு ஒருபோதும் துருக்கி நாட்டினர் ஆகவில்லை. இத்தொடரை எழுத்துக்கு எழுத்து பொருள்கொண்டால் வரலாறு கெட்டுவிடும்.

ஆங்கிலத்தை மட்டும் குறை கூறுவது நடுநிலை ஆகாது. நம் தமிழிலும் 'துலுக்கர்' என்ற சொல் இதே வழியில் வந்ததுதான். துருக்கர் என்ற இனப்பெயர் சமயப் பெயராகி, அதன் பின்னர் இகழ்ச்சிச் சாயலும் பெற்றது. இன்னும் ஒன்று: அமெரிக்கக் கண்டத்துப் பறவையாகிய வான்கோழியை ஆங்கிலேயர் துருக்கி நாட்டின் பெயராலேயே 'டர்க்கி' என்கின்றனர். துருக்கி வணிகர் வழி வந்த வேறொரு கோழியோடு அதைக் குழப்பிக்கொண்டதே காரணம். துருக்கியரோ அப்பறவையை 'ஹிந்தி', அதாவது இந்தியப் பறவை என்கின்றனர். எகிப்தியர் 'ரூமிச் சேவல்' என்பர். அமெரிக்காவிலிருந்து வந்த மற்றொன்றான ஒரு பூவை நாம் 'துலுக்கச் செவ்வந்தி' என்று அழைக்கிறோம். எங்கிருந்து வந்ததென்று தெரியாத பொருளுக்கு அண்டை வீட்டுக்காரன் பெயரை இடுவது எல்லா மொழிக்கும் இயல்பு போலும்.

மெய்யான அறிவு பதினேழாம் நூற்றாண்டில்தான் துளிர்த்தது. வில்லியம் பெட்வெல் என்ற ஆங்கில அரபு அறிஞர் 1615இல் அரபுச் சொற்களுக்கு ஒரு சிறு விளக்கப் பட்டியல் வெளியிட்டார். அதன் தலைப்பிலுள்ள 'ட்ரட்ஜ்மன்' என்ற சொல், நமக்கு நன்கு தெரிந்த 'தர்ஜுமான்' என்பதுதான். அவர் கூட அதனை இஸ்லாத்தைப் பழிக்கும் நூலொன்றோடு சேர்த்தே அச்சிட்டார் என்பதையும் சொல்லியாக வேண்டும். 1632இல் கேம்பிரிட்ஜிலும் 1636இல் ஆக்ஸ்ஃபோர்டிலும் அரபு மொழிக்குப் பேராசிரியப் பதவிகள் ஏற்பட்டன. 1649இல் அலெக்ஸாண்டர் ராஸ், குர்ஆனைப் பிரெஞ்சு மொழிபெயர்ப்பிலிருந்து ஆங்கிலத்தில் பெயர்த்தார். 1734இல் ஜார்ஜ் சேல் அரபு மூலத்தைக் கொண்டு பெயர்த்தார். இவற்றுக்குப் பிறகு, சிலை வணக்கம் என்ற பழி கற்றோரிடையே நிற்க இடமில்லாது போயிற்று. அப்போதும் முஸ்லிம் என்ற சொல் முன்வரிசைக்கு வரவில்லை. பாரசீகம் வழிவந்த 'முசல்மான்' புழங்கியது. அதன் ஈற்றிலுள்ள 'மான்' ஆங்கிலத்தின் 'மேன்' என்று மயங்கி, பன்மையில் 'முசல்மென்' என்று எழுதியவர்களும் உண்டு.

ஆட்சிச் சொல்லாக நிலைபெற்றது 'முகமதன்' என்பதே. கிறிஸ்துவைப் பின்பற்றுவோர் கிறித்தவர் என்ற அச்சில் வார்த்தது இது. மாமெட் என்பதன் பண்பட்ட உடன்பிறப்பென்றே இதனை நான் கருதுகிறேன். வசை நீங்கிற்று, அடியிலிருந்த எண்ணம் நீங்கவில்லை. இவர்கள் வணங்குவது தம் நபியை என்ற எண்ணம் சொல்லுக்குள் ஒளிந்திருந்தது. ஹாமில்டன் கிப் 1949இல் வெளியிட்ட தம் நூலுக்கு 'முகமதனிசம்' என்று பெயரிட்டார். முஸ்லிம்கள் இச்சொல்லை விரும்புவதில்லை என்று உள்ளே அவரே குறித்தும் இருக்கிறார். பிற்காலப் பதிப்பு 'இஸ்லாம்' என்ற தலைப்போடு வந்தது.

நம் நாட்டுப் பதிவுகளில் இம்மாற்றத்தை ஆண்டு வாரியாகவே காணலாம். சர் சையித் அகமது கானின் முயற்சியால் 1875இல் தோன்றி வளர்ந்த கல்விக்கூடம் 'முகமதன் ஆங்கிலோ ஓரியண்டல் கல்லூரி' எனப்பட்டது. 1913இன் வக்ஃபுச் சட்டம் 'முசல்மான்' என்கிறது. அலிகர் கல்லூரி 1920இல் 'முஸ்லிம்' பல்கலைக்கழகமாயிற்று. 1937இன் ஷரீஅத் சட்டமும் 1939இன் திருமண முறிவுச் சட்டமும் தம் பெயரில் 'முஸ்லிம்' என்றே குறிக்கின்றன. ஆனால் முல்லாவின் புகழ்பெற்ற சட்ட நூல் இன்றும் பழைய பெயரோடுதான் வழக்கறிஞர் மேசைகளில் இருக்கிறது.

இப்போது மூருக்கு வருவோம்.

உரோமர் காலத்தில் இன்றைய மொராக்கோவும் மேற்கு அல்ஜீரியாவும் 'மௌரித்தானியா' எனப்பட்டன. அங்கு வாழ்ந்தோர் 'மௌரி'. 711இல் தாரிக் இப்னு ஸியாத் ஜிப்ரால்டரைக் கடந்து ஸ்பெயினில் இறங்கினார். அவர் படையில் பெரும்பாலோர் அந்நிலப்பகுதியின் பெர்பர்கள். அதனால் ஸ்பானியர் 'மோரோ' என்றும் போர்த்துக்கீசியர் 'மௌரோ' என்றும் முஸ்லிம்களை அழைக்கலாயினர். அந்தலூசில் பிறந்த அரபியரும், இஸ்லாத்தைத் தழுவிய உள்நாட்டாரும் மோரோக்களே. எண்ணூறு ஆண்டுகளில் இடப்பெயர் சமயப் பெயராகிவிட்டது. ஆங்கிலத்தில் 'மூர்' இருபொருள் பட நின்றது. ஷேக்ஸ்பியரின் ஒதெல்லோ ஒரு மூர், ஆனால் கிறித்தவர். அங்கே அது நிறத்தையும் பிறந்த மண்ணையும் குறித்தது. இங்கிலாந்துச் சிற்றூர்களில் காலில் சலங்கை கட்டி ஆடும் 'மோரிஸ்' ஆட்டத்தின் பெயரும் மூர் என்பதிலிருந்தே வந்தது.

1498இல் வாஸ்கோ ட காமாவின் கப்பல்கள் கோழிக்கோட்டை அடைந்தபோது, கரைக்கு அனுப்பப்பட்டவனிடம் அவனுக்குப் புரியும் மொழியில் பேசியவர்கள் தூனிஸ் நகரத்து முஸ்லிம்கள் இருவர். அவர்கள் சொற்பொருத்தப்படியே மூர்கள்தாம். ஆனால் அதன்பின் போர்த்துக்கீசியர் அப்பெயரைக் குஜராத்தியர், மாப்பிள்ளைமார், மரைக்காயர், அரபியர் ஆகிய எல்லார்க்கும் இட்டனர். அவர்களே ஒரு வேறுபாடும் செய்துகொண்டனர்: கடல் கடந்து வந்தோர் 'மக்கா மூர்கள்', இந்நாட்டிலேயே பிறந்தவர்கள் 'மண்ணின் மூர்கள்'. மொராக்கோவோடு எவ்வித உறவும் இல்லாத, இந்நிலத்திற்கே உரிய முஸ்லிம்கள் மூர் எனப்பட்டனர் என்பதற்கு அப்பெயரைத் தந்தவர்களின் வாக்குமூலமே இது.

ஆங்கிலேயர் இங்கு வந்தபோது போர்த்துக்கீசியம் துறைமுகங்களின் பொதுமொழியாக இருந்தது. 'மூர்' என்பதையும், 'ஜென்டியோ' என்பதிலிருந்து 'ஜென்டூ' என்பதையும் அவர்கள் எடுத்துக்கொண்டனர். ஜென்டூ என்றால் இந்து. ஹால்ஹெட் 1776இல் வெளியிட்ட இந்துச் சட்டத் தொகுப்பின் பெயரில் இச்சொல் உள்ளது. சென்னையிலோ அது தெலுங்கரையும் தெலுங்கு மொழியையும் குறித்தது. கேம்பெல் 1816இல் எழுதிய தெலுங்கு இலக்கணத்தின் தலைப்பே இதற்குச் சான்று. தமிழுக்கு அன்று ஐரோப்பியர் இட்ட பெயர் 'மலபார்'. ஃபெப்ரீஷியஸ் 1779இல் சென்னை வேப்பேரியில் அச்சிட்ட தமிழ் - ஆங்கில அகராதி, மலபார் அகராதி என்றே பெயர் பெற்றது. அந்த நூலைப் பார்த்துவிட்டு அது மலையாள அகராதி என்று எவரேனும் எழுதினால் நாம் சிரிப்போம். மூர் என்பதை மொராக்கோ எனக் கொள்வதும் அதே பிழைதான்.

இந்த 'மூர்' சென்னைப் பதிவுகளில் ஓரிடத்தில் நிற்பதில்லை. மூர்களின் ஆட்சி என்றால், ஆண்டைப் பொறுத்து, கோல்கொண்டாவாகவோ முகலாயராகவோ ஆர்க்காட்டு நவாபாகவோ இருக்கலாம். ராபர்ட் ஓர்ம் 1763 முதல் வெளியிட்ட போர் வரலாற்றில் மூர்கள் எனப்படுவோர் பெரும்பாலும் நவாபுகளின் படையும் பரிவாரமும். கடற்கரையூரின் கப்பல் வணிகனும் மூர். நவாபின் குதிரைப்படைத் தலைவனும் மூர். இருவரும் பேசிய மொழி வேறு, உண்ட உணவு வேறு, பின்பற்றிய மத்ஹபும் பெரும்பாலும் வேறு. எழுத்தருக்கு அது பொருட்டன்று. இவை போதாவென்று, 'மூர்ஸ்' என்பது ஒரு மொழியின் பெயராகவும் இருந்தது! அன்றைய உருது அல்லது இந்துஸ்தானிக்குக் கும்பினிச் சிப்பாய்த் துரைமார் இட்ட பெயர் அது. 1772இல் ஜார்ஜ் ஹாட்லி அம்மொழிக்கு எழுதிய இலக்கணத்தின் தலைப்பில் இது உள்ளது. ஆகவே ஒருவருக்கு 'மூர்ஸ் தெரியும்' என்று பதிவில் கண்டால் அவருக்கு முஸ்லிம்களோடு அறிமுகம் உண்டு என்பதன்று பொருள். உருது பேசுவார் என்பதே பொருள்.

இத்தகைய சொற்களையெல்லாம் திரட்டி ஹென்றி யூலும் ஆர்தர் பர்னலும் தொகுத்த பேரகராதி 1886இல் வெளிவந்தது. பர்னல் தஞ்சாவூரில் பணியாற்றியவர். நூல் அச்சேறும் முன்னரே 1882இல் மறைந்தார். அந்நூலின் பெயர் 'ஹாப்சன் ஜாப்சன்'. இரண்டு ஆங்கிலக் கனவான்களின் பெயரைப் போல ஒலிக்கும் இது, முஹர்ரம் ஊர்வலத்தில் எழும் "யா ஹஸன்! யா ஹுஸைன்!" என்ற புலம்பலை ஆங்கிலச் சிப்பாய்கள் காதில் வாங்கிய விதம். கர்பலாவின் துயரம் ஒரு நகைச்சுவைத் தலைப்பாகிவிட்டதே என்ற வருத்தம் எனக்கு உண்டு. ஆனால் அந்நூலின்றிக் கும்பினிப் பதிவுகளைப் படிக்க முனைவோர் இருட்டறையில் நடப்பவராவர் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இந்தியாவில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இச்சொல் தேய்ந்து மறைந்தது. இலங்கையில் மறையவில்லை, அங்கு அது ஓர் ஆட்சிப் பிரிவாகவே இறுகிப்போயிற்று. 1505இல் வந்த போர்த்துக்கீசியர் விட்டுச்சென்ற பெயரை ஒல்லாந்தரும் அவர்களுக்குப் பின் ஆங்கிலேயரும் காத்தனர். தமிழில் அம்மக்களுக்குச் சோனகர் என்ற பெயர் தொன்றுதொட்டு உண்டு. 1882இல் அறிஞர் சித்தி லெப்பை கண்டியிலிருந்து நடத்தத் தொடங்கிய தமிழ் இதழுக்கு 'முஸ்லிம் நேசன்' என்று பெயரிட்டார். அரசு மூர் என்றும் முகமதன் என்றும் எழுதிக்கொண்டிருந்த நாளில் அவர் நம் சொந்தப் பெயரைத் தலைப்பில் ஏற்றினார். இதழின் பெயர்தானே என்று கடந்து செல்வோர்க்கு அதன் அருமை புலப்படாது.

1888இல் சர் பொன்னம்பலம் இராமநாதன், இலங்கை மூர்கள் இனத்தால் தமிழரே என்று அரச ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளை இதழில் கட்டுரை எழுதினார். அது வெறும் இனவியல் கட்டுரையாக மட்டும் படிக்கப்படவில்லை. சட்டசபையில் முஸ்லிம்களுக்குத் தனி இடம் வேண்டுமா என்ற கேள்வி அப்போது எழுந்திருந்தது. 1889இல் எம்.சி. அப்துர் ரஹ்மான் முதல் முஸ்லிம் உறுப்பினராக நியமிக்கப்பட்டார். 1907இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ், இராமநாதனுக்கு மறுப்பாக ஒரு நூலே எழுதி, அரபு வழித்தோன்றல் என்ற கருத்தை நிலைநாட்ட முயன்றார். இருபக்க வாதங்களையும் இங்கு எடைபோட நான் முற்படவில்லை. ஆனால் ஒன்று உறுதி: மூர் என்ற பெயர் எவர்க்கும் சாட்சி கூறாது. அதை இட்டவர்கள் பரம்பரை விசாரித்து இடவில்லை. தொழுகையைப் பார்த்து இட்டார்கள். அரபு வழியினர் என்பதையோ தமிழ் வழியினர் என்பதையோ நிலைநாட்டப் பேச்சுமொழி, கல்வெட்டு, குடும்ப ஆவணம், உறவுமுறை என வேறு சான்றுகளைத்தான் தேட வேண்டும்.

1911ஆம் ஆண்டின் மக்கள் கணக்கெடுப்பு, 'இலங்கை மூர்', 'இந்திய மூர்' என இரண்டாகப் பிரித்தது. இந்திய மூர்கள் பெரும்பாலும் நம் கடற்கரையூர்களிலிருந்து வணிகத்திற்குச் சென்றோர்; 'கரையோர மூர்கள்' என்றும் வழங்கப்பட்டனர். 1915 மே மாத இறுதியில் கண்டியில் மூண்டு பரவிய கலவரத்தில் முதல் இலக்கானவர்கள் இவர்களே. கடைகளைக் கொளுத்தியவர்கள் கணக்கெடுப்பு அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கவில்லை. இலங்கை மூர்களும் இழப்புக்கு ஆளாயினர். 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலும் 'இலங்கை மூர்' என்ற பிரிவு இருந்தது. தமிழில் அதை 'இலங்கைச் சோனகர்' என எழுதுவர்.

பிலிப்பைன்ஸ் தீவுகளில் இதே சொல் வேறொரு முடிவைக் கண்டது. அந்தலூசை மறவாத ஸ்பானியர், மிந்தனாவோ தீவு முஸ்லிம்களையும் 'மோரோ' என்றனர். ஆப்பிரிக்காவையே அறியாத அம்மக்கள் நெடுங்காலம் அதை வசைச்சொல்லாகச் சுமந்து, இருபதாம் நூற்றாண்டில் அதையே தம் கொடியில் எழுதிக்கொண்டனர். 2019இல் அமைந்த தன்னாட்சிப் பகுதியின் பெயர் 'பங்சமோரோ', மோரோ மக்களின் நாடு.

தொடக்கத்தில் சொன்ன கட்டுரையாளருக்கு இவற்றையெல்லாம் சுருக்கி எழுதி, ஒரு வேண்டுகோளும் விடுத்தேன். மூர் என்ற சொல் வருமிடத்தை விட்டுவிட்டு, அதே பதிவுக்கட்டில் 'சூலியா' என்ற சொல் எங்கேனும் வருகிறதா என்று பார்க்கச் சொன்னேன். சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற தமிழ் முஸ்லிம்களைப் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் ஆங்கிலேயர் அப்பெயரால் அழைத்தனர். சூலியா தெரு இரு நகரங்களிலும் இன்றும் உண்டு. மூரைவிட அது குறுகிய பெயர், அதனால் பயன்மிக்கது. விழா மலர் அச்சாகி வந்தபோது ஃபாஸ் நகரத்துப் படம் அதில் இல்லை. மூன்று மாதங்கள் கழித்து அவரிடமிருந்து ஓர் அஞ்சல் உறை வந்தது. உள்ளே ஒரு படி இருந்தது. அதே எழுத்தர், அதே ஆண்டு. ஒரு பக்கத்தில் மூர் என்று எழுதப்பட்ட வணிகரின் பெயர், மறுபக்கத்தில் சூலியா என்ற அடைமொழியோடு இருந்தது. ஓரத்தில் சிவப்பு மையில் அவர் ஒரு கோடு மட்டும் போட்டிருந்தார்.